இலை சொல்வதும் தராசு சொல்வதும்: ஒரு மரவள்ளித் தோட்டத்தின் கதை

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம், வசிஷ்ட நதியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மூன்றரை ஏக்கர் தோட்டம். கிணற்றுப் பாசனம். இரண்டு ஏக்கரில் மரவள்ளி, மிச்சத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறி. தோட்டக்காரருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவரும் மனைவியும்தான் வேலை பார்க்கிறார்கள், மகன் ஓசூரில் இருக்கிறான். ஊர் பெயரையும் ஆள் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மரவள்ளி என்று நான் எழுதுகிறேனே தவிர, அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. குச்சிக்கிழங்குதான்.

ஒரு நடவில் தொடங்கி அடுத்த நடவு வரை, தை முதல் தை வரை, அந்தத் தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். தெரிந்துகொள்ள நினைத்தது ஒன்றுதான். தேமல் நோயை எளிதில் வாங்கிக்கொள்ளும் எச் 226 என்ற ரகத்தை, நோய் தாங்கும் ரகங்கள் கிடைக்கும் காலத்திலும் ஏன் விடாமல் நடுகிறார்கள்? ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் அவர் வீட்டிலிருந்து பைக்கில் போய்வரும் தூரம். தகவல் எட்டவில்லை என்று சொல்ல வழியே இல்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் செல்போனில் தேமல் பிடித்த இலையின் படத்தைக் காட்டி, "இந்த நோய் தெரியுமாங்கண்ணா?" என்று கேட்டேன். "தெரியுங்க தம்பி, தேமல்" என்றார். நோட்டில் 'நோய் பற்றிய அறிவு: உண்டு' என்று எழுதிக்கொண்டேன். நாற்பது நாள் கழித்து அதே தோட்டத்தில் அவரோடு நடந்தபோது, முக்கால்வாசிச் செடிகளில் இலை வெளிர்மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. ஒரு பக்கம் சுருங்கி, விரல் கோணியது போலத் திருகிக் கிடந்தது. "செடிக்கு நோவு ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருசம் நோவு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கு."

நான் ஒரு இலையைத் தொட்டுக் காட்டினேன். "இதுங்களா? இது நோவு இல்ல தம்பி. 226ன்னா இலை இப்படித்தான் இருக்கும். அது அந்த ரகத்தோட வாகு."

தேமல் என்ற பெயர் அவருக்குத் தெரியும், அடையாளமும் தெரியும். ஆனால் அவர் கணக்கில் அது நோய் அல்ல. படத்தைக் காட்டித் தெரியுமா, தெரியாதா என்று கேட்கும் கேள்வித்தாளில் இந்த வித்தியாசம் சிக்கவே சிக்காது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, எதையெல்லாம் நோவு என்கிறார் என்று கேட்க ஆரம்பித்தேன்.

எது நோவு

அவர் பட்டியல் தெளிவானது. தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகினால் அது நோவு. மாவுப்பூச்சி ஏறிக் குருத்து கொத்தாகச் சுருண்டு நின்றால் நோவு. வெயில் காலத்தில் செஞ்சிலந்தி விழுந்து இலை வெளுத்தால் 'பூச்சி'. இலை நரம்புக்கு நடுவே மஞ்சளாகிப் போனால் 'சத்துக்குறை'. மனிதருக்குச் சுருட்டை முடி இருப்பது போல, தேமல் மட்டும் 'வாகு'.

மாவுப்பூச்சி பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலே மாறிவிடும். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, இரண்டே வருடத்தில் மேற்கு மாவட்டங்களின் மரவள்ளி, மல்பெரி, பப்பாளி எல்லாவற்றிலும் வெள்ளை அடித்தது போலப் படர்ந்தது. அந்த வருடம் தோட்டத்தில் பாதிக் கிழங்கு விரல் பருமனில் நின்றுவிட்டதாம். அடிக்காத மருந்தில்லை என்றார். கடைசியில் அதைக் கட்டுப்படுத்தியது மருந்தல்ல, 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவிகள். அப்புறம் 2020-ல் வேறொரு மாவுப்பூச்சி கேரளாவில் திருச்சூர் பக்கம் தென்பட்டு இங்கும் வந்தது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியை வரவழைத்து, 2022-ல் ஏத்தாப்பூரில் விட்டார்கள். இதெல்லாம் அவருக்கு ஓரளவு தெரியும். 'குளவி விடுற விழா'வுக்குப் போய்வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

இந்த இரண்டு அனுபவமும் அவர் மனதில் நோய்க்கு ஓர் இலக்கணம் போட்டுவிட்டன. நோவு என்றால் வெளியிலிருந்து வரும், திடீரென்று வரும், பக்கத்துத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் தெரியும், விளைச்சலைக் கண்ணெதிரே கொண்டுபோகும். தேமலோ இதில் ஒன்றுக்கும் பொருந்தாது. முளைக்கும்போதே இலையில் இருக்கிறது, அறுவடை வரை இருக்கிறது, கிழங்கும் கிடைக்கிறது. தோண்டிப் பார்த்தால் கிழங்கில் ஒரு கறை, ஓர் அழுகல் கிடையாது. வெட்டிப் பார்த்தால் வெள்ளைவெளேரென்று மாவு. அதை எப்படி நோய் என்று சொல்வது? அவருடைய இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

தேமல் எங்கிருந்து வருகிறது

இது வைரஸ் நோய். இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று இரண்டு, நம் பகுதியில் இரண்டும் உண்டு. பரவும் வழியும் இரண்டு: வெள்ளை ஈ, அடுத்து நடுவதற்காகச் செடித் தண்டிலிருந்து வெட்டும் விதைக்குச்சி.

இந்த இரண்டில் எது என்று தோட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், கருவி எதுவும் வேண்டாம். நட்ட ஒன்றிரண்டு மாதத்துக்குள் போய் அடி இலையைப் பார்க்க வேண்டும். முளைத்து வந்த முதல் இலையிலிருந்தே தேமல் இருந்தால் நோய் குச்சியோடு வந்தது. அடி இலைகள் சுத்தமாக இருந்து மேலே குருத்துப் பக்கம் மட்டும் தேமல் இருந்தால் வெள்ளை ஈ இந்தப் பருவத்தில் கொண்டுவந்து கொடுத்தது. குச்சியோடு வரும் நோய்தான் விளைச்சலை அதிகம் குறைக்கும், செடி பிறந்த நாளிலிருந்தே நோயாளி என்பதால்.

பங்குனியில் சின்ன வெங்காயம் ஊடுபயிராக நின்ற பாத்திகளுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்த்தோம். தேமல் இருந்த செடிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் முதல் இலையிலேயே இருந்தது. அதாவது, வெள்ளை ஈக்கென்று கடைக்காரர் கொடுத்து அவர் அடித்திருந்த மருந்து இந்தத் தோட்டத்தின் தேமலுக்குச் சம்பந்தமே இல்லாதது. இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப போன வருசக் குச்சியிலயே இருந்திருக்குது" என்றார் மெதுவாக. பிறகு, "அதுக்கு முன்னாடி வருசமும்" என்றார்.

இலங்கையின் பெயரைச் சுமக்கும் வைரஸுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 2015-ல் அது கம்போடியாவின் வடகிழக்கு மூலையில் தென்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்து என்று போனது. நாடு விட்டு நாடு கட்டுக்கட்டாகக் குச்சி போன வழியில்தான் அதுவும் போயிருக்கிறது. வெள்ளை ஈயால் இவ்வளவு தூரம், இவ்வளவு வேகமாகப் போக முடியாது.

அந்தச் சித்திரை

அவருக்குத் தேமல் பற்றி இன்னொரு நம்பிக்கையும் இருந்தது, அதைத் தாண்டுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சித்திரையில் நுண்ணூட்டக் கரைசல் தெளித்தால் இலை தெளிந்துவிடும் என்றார். வெறும் பேச்சில்லை. நான் சித்திரை கடைசியில் போனபோது புது இலைகள் நிஜமாகவே நன்றாக இருந்தன. திட்டுகள் மங்கி, சில செடிகளில் காணாமலே போயிருந்தன. "பாத்தீங்களா?" என்று சிரித்தார்.

தேமலின் அறிகுறி கடும் வெயிலில் மங்கும், வெயில் தணிந்து மழை பெய்ததும் திரும்ப ஏறும் என்பது இந்த நோயின் குணம். வைரஸ் எங்கும் போய்விடவில்லை. ஆனால் இதை அவரிடம் சொன்னால் என் சொல்லுக்கும் அவர் கண்ணுக்கும்தான் போட்டி, அதில் நான் தோற்பேன். அதனால், தெளிக்காமல் விட்ட இடம் எதுவும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவர் இல்லை என்றார். களை வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து, "வேலியோரம் நாலு வரிசை விட்டுப்போச்சு, தண்ணி தீர்ந்துடுச்சுன்னு வந்துட்டீங்கல்ல" என்றார். மூன்று பேரும் வேலியோரம் போனோம். தெளிக்காத நாலு வரிசையிலும் இலை அதே மாதிரி தெளிந்திருந்தது.

அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை. எனக்கோ அந்த நாலு வரிசை பெரிய பாடம். விவசாயி சோதித்துப் பார்க்காமல் நம்புகிறார் என்பது சரியில்லை. தெளித்தார், பார்த்தார், தெளிந்தது, நம்பினார். ஒப்பிட ஒரு வரிசை இல்லாததுதான் குறை. அது வேலியோரத்தில் தற்செயலாக இருந்தது, அதைக் கவனித்து வைத்திருந்தது அந்த அக்கா. மூன்று மாதமாக என் கேள்விகள் எல்லாம் தோட்டக்காரரிடம்தான் போய்க்கொண்டிருந்தன என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சத்துக்குறையும் தேமலும் ஒன்றுபோலத் தெரிவது வேறு சிக்கல். பார்த்துப் பழகினால் பிரித்துவிடலாம். சத்துக்குறை என்றால் பெரும்பாலும் ஒரு பகுதிச் செடிகள் எல்லாவற்றிலும் இருக்கும், இலையின் இரண்டு பக்கமும் ஒரே சீராக மஞ்சளாகும். தேமல் பக்கத்துப் பக்கத்துச் செடிகளிலேயே ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. இலையின் ஒரு பாதி சரியாகவும் மறு பாதி கோணியும் இருக்கும்.

ஏன் 226

எச் 226 திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் வெளியிட்ட கலப்பினம். பத்து மாதப் பயிர். மாவுச்சத்து நூற்றுக்கு 28 முதல் 30 வரை. அதோடு வந்த எச் 165 இன்னும் சீக்கிரம் வரும், ஆனால் மாவு குறைவு. இரண்டுமே தேமலுக்கு எளிதில் ஆட்படுபவை. சேலம், நாமக்கல் பக்கம் இவை போக முள்ளுவாடி, குங்கும ரோஸ், தாய்லாந்து வெள்ளை, பர்மா என்று பல பெயர்கள் புழங்குகின்றன.

சாப்பாட்டுக்குக் கிழங்கு வளர்க்கும் கேரளத்து வீட்டில் ரகம் பார்ப்பது வேகிறதா, கசக்கிறதா என்றுதான். இங்கே கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, ஆலையில் விலை பாயிண்டில் பேசப்படுகிறது. வண்டியிலிருந்து சாம்பிள் கிழங்கு எடுத்து, காற்றில் ஒரு எடை, தண்ணீரில் முக்கி ஒரு எடை. தண்ணீருக்குள் எவ்வளவு கனமாக நிற்கிறதோ அவ்வளவு மாவு. அந்தத் தராசு காட்டும் எண்தான் பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன் விலை போடுவார்கள்.

ரகத்தேர்வு முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஒரு பேச்சுக்குப் பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400. 25 பாயிண்ட் கிழங்கு 7,500. இந்த 25 பாயிண்ட் ரகம் 226-க்கு ஈடு கட்ட வேண்டுமென்றால், பத்து டன் வரும் இடத்தில் 11.2 டன் வர வேண்டும். அதோடு போகுமா? பிடுங்கும் கூலியும் வண்டி வாடகையும் டன் கணக்கு. கூடுதலாக வந்த 1.2 டன்னுக்கு அந்தச் செலவும் சேரும். 'அதிக விளைச்சல் தரும், நோய் தாங்கும்' என்று துண்டறிக்கை சொல்லும்போது அவர் காதில் விழுவது 'அதிகக் கூலி'.

இந்தக் கணக்கை அவர் காகிதமில்லாமல் போடுகிறார். ஆலைத் தராசில் தேமலுக்கென்று கழிவு கிடையாது. இலையைப் பார்த்து எந்த ஆலைக்காரரும் விலை குறைப்பதில்லை, ஏனென்றால் ஆலைக்கு இலை போவதே இல்லை. தராசில் தெரியாத ஒன்றை நோய் என்று அவர் ஒத்துக்கொள்ளாததில் எனக்கு இப்போது ஆச்சரியமில்லை. தேமலால் அவர் இழப்பது, வந்திருக்க வேண்டிய கிழங்கு. வராத கிழங்கை எடைபோட முடியாது. சுற்றுவட்டாரத்தில் சுத்தமான 226 தோட்டம் ஒன்று இருந்தால் ஒப்பிடலாம். இல்லை. எல்லோர் தோட்டமும் இப்படியே இருப்பதால் இதுதான் 226-இன் விளைச்சல் என்று ஊரே நினைத்திருக்கிறது.

இந்த இடத்தில் உகாண்டாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே டெசோ பகுதியில் எப்வானாட்டெராகா என்று ஒரு ரகம், மக்களுக்கு உயிர். 1980-களின் கடைசியில் கடுமையான தேமல் நாட்டின் நடுப்பகுதியிலிருந்து கிளம்பி, அடுத்த சில ஆண்டுகளில் அந்த ரகத்தை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டது. கிழங்கே விழவில்லை. யாரும் பிரசாரம் செய்ய வேண்டியிருக்கவில்லை, நோய் தாங்கும் ரகங்களுக்கு மக்கள் தாங்களாகவே மாறினார்கள். நம் ஊர்த் தேமல் அவ்வளவு மோசமில்லை. கொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் நோய் ரகத்தை மாற்ற வைக்காது.

ஆப்பிரிக்காவில் கைகொடுத்த நோய் தாங்கும் ரகங்களைப் போல, நைஜீரியா வழி வந்த ஒரு ரகம் நமக்கும் வந்தது. ஸ்ரீ பத்மநாபா என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கென்றே வெளியிட்டார்கள். தேமலை நன்றாகத் தாங்கும். நம் தோட்டக்காரர் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதற்குப் பின் வந்த ஸ்ரீ ரக்ஷா, ஏத்தாப்பூரின் ஒய்.டி.பி. 2 போன்றவற்றில் மாவுச்சத்தும் 226-க்கு அருகில் வந்துவிட்டது. ஆக, பாயிண்ட் என்ற காரணம் பாதி போய்விட்டது. "புது ரகமா, பாயிண்ட் வராது" என்று வண்டி ஏற்றும் முன்பே புரோக்கர் சொல்லும் சொல் மட்டும் போகவில்லை.

இன்னொரு தடை எண்ணிக்கை. நெல்லில் ஒரு கைப்பிடி விதையிலிருந்து ஒரே வருடத்தில் வயல் விதை சேர்த்துவிடலாம். மரவள்ளியில் ஒரு செடியிலிருந்து நல்ல குச்சியாக வெட்டினால் பத்து தேறும். 90 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஐயாயிரம் குச்சி வேண்டும். யாரோ நூறு குச்சி கொடுத்தால் அது ஏக்கராக இரண்டு வருடம் ஆகும், அதுவும் நடுவில் தேமல் ஒட்டாமல் இருந்தால்.

கயிறு

ரகத்தை மாற்றச் சொல்வதை விட்டுவிட்டு, 226-லேயே சுத்தமான குச்சி எடுக்க முடியுமா என்று பார்த்தோம். யோசனை புதிதல்ல, ஆராய்ச்சி நிலையங்கள் வெகுநாளாகச் சொல்வதுதான்: நோயில்லாத செடியிலிருந்து குச்சி எடு. கேட்க எளிது. செய்ய முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் எந்தத் துண்டறிக்கையிலும் பார்த்ததில்லை. குச்சி வெட்டுவது மார்கழி, தையில் கிழங்கு பிடுங்கும்போது. அதற்கு முன்பே தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள், இலை உதிர்ந்து செடி மொட்டையாக நிற்கும். இலையே இல்லாத செடியில் தேமல் இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்ல முடியும்? எது தடியாக, கணு நெருக்கமாக இருக்கிறதோ அதைத்தான் வெட்டுவார்கள்.

அதனால் செடியைத் தேர்வு செய்ய வேண்டியது மழைக்குப் பிறகு, இலை செழித்துத் தேமலும் ஏறித் தெரியும் சமயத்தில். புரட்டாசியில் இரண்டு நாள் காலை வேளையில் தோட்டம் முழுக்க நடந்தோம். இலை எங்கும் தெளிவாக இருந்த செடியின் தண்டில் அக்கா தேங்காய் நார்க் கயிறு கட்டிக்கொண்டே வந்தார். பத்தாயிரம் செடியில் நூற்றுச் சொச்சம்தான் தேறியது. அவர் சந்தேகப்பட்டு ஒதுக்கிய செடிகள் சிலவற்றை நான் சரி என்றிருப்பேன். இளம் இலையின் ஓரத்தில் மெல்லிய கோணல் இருந்ததைக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கயிறு கட்டியதெல்லாம் வைரஸ் இல்லாதது என்று அர்த்தமில்லை. அறிகுறி காட்டாமல் வைத்திருக்கும் செடியும் உண்டு. அதனால் அந்தக் குச்சிகளை நேராகத் தோட்டத்தில் நடாமல், கிணற்றடியில் நெருக்கமாகப் பாத்தி கட்டி முளைக்கவிட்டு, தேமல் காட்டுவதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூன்று நான்கு வாரத்தில் எடுத்து நட வேண்டும். பாத்தியில் ஒரு குச்சியைப் பிடுங்கினால் ஒரு குச்சிதான் நஷ்டம். தோட்டத்தில் அதே நோயாளி பத்து மாதம் தண்ணீரும் உரமும் குடிக்கும்.

தையில் போனபோது கிழங்கு பிடுங்கி முடிந்திருந்தது. கயிறு கட்டிய செடிகளின் குச்சி தனிக் கட்டாக, வேப்பமர நிழலில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மற்ற குச்சிகள் பெரிய கட்டுகளாகக் களத்தில். அடுத்த நடவுக்கு ஒன்றரை ஏக்கருக்கு மேல் அந்தப் பெரிய கட்டிலிருந்துதான் போகப்போகிறது, வேறு வழியில்லை. புது ரகமாகவும் ஐம்பது குச்சி ஏத்தாப்பூரிலிருந்து வாங்கி வந்திருந்தார். வேலியோரம், அந்த நாலு வரிசை இருந்த இடத்தில் நடப்போவதாகச் சொன்னார். "பக்கத்துலயே 226 நிக்கும், தராசுல ரெண்டையும் தனித்தனியா போட்டுப் பாத்துடலாம்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தோட்டக்காரர், உறவில் மாமன் முறை, டிராக்டரோடு வந்தார். அவருக்கு அரை ஏக்கருக்குக் குச்சி வேண்டும். அங்கே குச்சிக்குக் காசு வாங்குவதில்லை, கேட்டவருக்கு இல்லையென்று சொல்வதுமில்லை. தோட்டக்காரர் நிழலில் இருந்த கட்டைக் காட்டி, "மாமா, இதுல ஒரு இருபது எடுத்துக்கங்க, தேமல் இல்லாத குச்சி, பாத்திக்குப் போட்டுப் பெருக்கிக்கலாம்" என்றார். வந்தவர் ஒரு குச்சியை எடுத்து விரலால் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இது சன்னமா இருக்குதேப்பா" என்று சொல்லிவிட்டு, களத்தில் கிடந்த தடிக் குச்சிகளை டிராக்டரில் ஏற்ற ஆரம்பித்தார்.